குறைத்துக் கேட்டவரின் முறை

என் தகப்பனாருக்குக் கைராசி கிடையாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். ராசியிலும் சகுனத்திலும் நம்பிக்கை வைப்பது பாவம் என்று ஞாயிறுதோறும் ஆலயத்தில் கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. நாசரேத்துப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து கிளம்பி, படிப்பின் துணையால் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். பூனை குறுக்கே ஓடினால் நிற்கமாட்டோம். செவ்வாய்க்கிழமை பயணம் தொடங்கத் தயங்கமாட்டோம். அப்பாவின் கையைப் பற்றிய நம்பிக்கைக்கு மட்டும் எப்படியோ விலக்கு அளித்திருந்தோம். அந்தக் கை தூண்டிலைத் தொட்டால் மீன் ஒன்றோடு நின்றுவிடும் என்பது அம்மா கண்டறிந்து, அக்கா வழிமொழிந்து, நான் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்த உண்மை.

அவர் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் ரைட்டராக இருந்தார். அந்நாளில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. சில மைல்களுக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சுப் பொதிகளும் உப்பு மூட்டைகளும் தோணிகளில் ஏறி அவற்றைத் தேடிப் போகும். அந்தப் போக்குவரத்தைக் காகிதத்தில் பின்தொடர்வது அப்பாவின் வேலை. சனிக்கிழமை நண்பகலோடு அலுவலகம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். அன்று தூண்டிலைத் தொடுவது எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆகவே வாரத்தில் அவருக்கென்று இருந்தது சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றே. சாப்பிட்டு முடித்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, காலர் பிய்ந்த பழைய சட்டை ஒன்றை அணிந்துகொள்வார். மரக்கட்டையில் சுற்றிய தூண்டில் நூல், பனையோலைக் கூடை, மூக்குப்பொடி டப்பா ஆகியவற்றை எடுத்துக்கொள்வார். டப்பாவில் பொடி இராது. எண்ணெய்த் துணியில் பொதிந்த மூன்று முட்கள் இருக்கும். உலகப் போரின் காரணமாகச் சீமைத் தூண்டில்முள் கடையில் கிடைக்காமற்போன காலம் அது. அந்த மூன்றையும் அவர் அக்காவின் கம்மலைவிடக் கவனமாகப் பாதுகாத்தார்.

போனவர் ஒரு மீனோடு திரும்புவார். அதுவும் பெரும்பாலும் கிழங்கான். விரலைவிடச் சற்றுத் தடித்து, ஒரு சாண் நீளமிருக்கும் மெலிந்த வெள்ளை மீன். சில நாட்களில் நாலு மணிக்கே திரும்பிவிடுவார். சில நாட்களில் அந்தி சாயும்வரை அங்கேயே இருந்துவிட்டு, அப்போதும் ஒன்றோடுதான் வருவார். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் அக்கா உள்ளே பார்த்து, “அப்பா வந்தாச்சு. சட்டியைச் சின்னதா எடுங்க” என்பாள். அம்மா கூடையை வாங்கிக் கவிழ்ப்பாள்.

“கடலு அவ்வளவு பெரிசு கெடக்கு. உங்களுக்குன்னு பாத்து ஒண்ணை அனுப்புதே. அது வழி தெரியாம வந்ததா, இல்ல வயசாகி வந்ததா?”

அப்பா சிரித்துக்கொண்டே காலைக் கழுவப் போவார். அந்த ஒரு மீனோடு நாலைந்து முருங்கைக்காயும் ஒரு பிடி கத்தரிக்காயும் சேர்ந்து குழம்பாகும். மீனின் நடுத்துண்டுகள் எனக்கும் அக்காவுக்கும், தலை அப்பாவுக்கு, அம்மா முருங்கைக்காயோடு முடித்துக்கொள்வாள். அவர் சிரித்ததைத் தோல்வியை மறைக்கும் சிரிப்பு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவருக்காகச் சற்று வெட்கப்பட்டோம். தெருவில் மற்ற வீட்டு ஆண்களுக்கு இத்தகைய பொழுதுபோக்கு இல்லை என்பதும், எங்கள் இனத்தாரில் தூண்டிலும் கையுமாகக் கடற்கரைக்குப் போகிறவர் அவர் ஒருவரே என்பதும் அந்த வெட்கத்துக்கு உரம் சேர்த்தன.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மிஷன் பெண்கள் பள்ளியில் படித்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் விடுதிப் பிள்ளைகள். பர்மா அரிசி நின்றுபோய், ஊரெங்கும் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்திருந்த நேரம். விடுதியில் காலையில் கேழ்வரகுக் கூழும் மாலையில் மக்காச்சோளக் கஞ்சியுமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் பேச்சை முடித்ததில்லை. ஒரு நாள் மதிய இடைவேளையில், என் நெருங்கிய தோழிகள் ஐந்து பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மீன் குழம்பு சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இன்றைக்கும் முழுதாக விளக்க என்னால் இயலாது. இரக்கம் கொஞ்சம் இருந்தது. பெருமை அதைவிட அதிகம் இருந்தது.

“எங்க அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு கூடை மீன் பிடிப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வாங்க. ஆளுக்கு ஒரு முழு மீன்.”

“முழு மீனா?” என்றாள் ஒருத்தி. “தலையோடவா?”

“தலையோட, வாலோட.”

விடுதி அம்மையாரிடம் அவர்கள் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். அம்மா அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தாலும், விருந்தை வேண்டாம் என்று சொல்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. சந்தையில் மீன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளலாம் என்றாள். அந்த வாரம் புதன்கிழமையன்று கச்சான் காற்று கிளம்பியது. மேற்கிலிருந்து மணலையும் உப்பளத்து உப்பையும் வாரிக்கொண்டு வந்து கடலில் கொட்டும் காற்று அது. மீன்பிடி வல்லங்கள் மூன்று நாட்களாகக் கரையேறிக் கிடந்தன. வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போன அம்மா, கருவாட்டுக் கடைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்று வெறும் கையோடு வந்தாள்.

“இனி உங்க அப்பாதான் உன் மானத்தைக் காப்பாத்தணும். ஏளா, இப்பவே ஜெபம் பண்ணிக்கோ” என்றாள்.

சனிக்கிழமை அப்பா கிளம்பும்போது நானும் வருகிறேன் என்றேன். அதற்குமுன் நான் அங்கே போனதில்லை. அவர் சற்றுத் திகைத்து, பிறகு கூடையை என்னிடம் கொடுத்தார். வழியெல்லாம் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. “இன்னைக்கு ஆறு மீனாவது வேணும்ப்பா” என்று இரண்டு முறை சொன்னேன். “பாப்போம்” என்றார். மூன்றாம் முறை சொன்னபோது மணலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்.

ஊருக்கு வடக்கே, எந்தக் காலத்திலோ தோணிகளுக்காகக் கட்டி, பின் கைவிட்ட கல்துறை ஒன்று இருந்தது. சுவர் பாதி சரிந்து, கற்கள் நீருக்குள் சிதறிக் கிடந்தன. அதன் உட்புறம் ஆழமற்ற குளம்போல் கடல்நீர் தேங்கியிருக்கும். சுவரில் ஓரிடத்தில் இரண்டு முழ அகலத்துக்கு ஓர் உடைப்பு. வற்றம் தொடங்கி கடல் இறங்கும்போது உள்ளே தேங்கிய நீரெல்லாம் அந்த உடைப்பு வழியாக வெளியே பாயும். அந்த நீரோட்டத்தை அங்கே நீவாடு என்பார்கள். அது அடித்துவரும் புழுவுக்கும் கூனி இறாலுக்கும் கிழங்கான் கூட்டம் வெளியே காத்து நிற்கும். நல்ல ஓட்டம் முக்கால் மணி நேரம் இருக்கும். அதன்பின் நீர் அசையாது, மீனும் இராது. உடைப்பின் ஓரத்தில் தட்டையான கல் ஒன்று. அதில் ஒருவர்தான் உட்கார முடியும். வேறெங்கிருந்து எறிந்தாலும் முள் கற்களில் மாட்டி அறுந்துபோகும்.

அங்கே எங்களுக்கு முன்பே இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக, முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்ந்த கத்தோலிக்கர். முழங்கால் வீங்கி, கம்பு ஊன்றி நடப்பவர். மற்றவர் எங்கள் பள்ளிக்கூடத்துச் சீருடைகளைத் தைக்கும் தையற்காரர். அவரை எல்லோரும் பாய் என்றே அழைத்தார்கள். என்னைக் கண்டதும் தண்டல் கம்பை நீட்டி ஒரு கல்லைக் காட்டினார்.

“ரைட்டரய்யா மகளா? அங்கன உக்காரு. பாவாடையைப் புடிச்சுக்கோ, இல்லாட்டி கச்சான் உன்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விட்டுரும்.”

அதன்பின் நடந்தது எனக்கு முதலில் விளங்கவில்லை. மூவரும் நூலைப் பிரிக்காமல், ஏதோ முக்கியமான கூட்டம் கூடியவர்கள் போல நின்றார்கள்.

“எனக்கு நாலு” என்றார் தண்டல்.

“எனக்கு எட்டு வேணும் அண்ணாச்சி” என்றார் பாய். “வீட்ல பிள்ளை பெத்தவ இருக்கா. இன்னையோட ஒம்பது நாளு. பால் சரியா இறங்கல. கிழங்கான் சாறு வச்சுக் குடுக்கச் சொல்லுதாங்க. சந்தையில ஒரு செதில் கூட இல்ல.”

“எட்டா? கடலைத் தைச்சுக் குடுக்கச் சொல்லுவீரு போலிருக்கே.”

“தைக்க நூலு எங்கன இருக்கு? சண்டை வந்தாலும் வந்துச்சு, பட்டாளத்தாருக்குக் கால்சட்டை தைக்கவே கோணிச் சாக்கைப் பிரிக்கேன்.”

தண்டல் சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். நான் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். ஆறு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்கு ஒண்ணு போதும்” என்றார் அப்பா.

சொல்லிவிட்டுத் தட்டைக் கல்லில் போய் உட்கார்ந்தார். தண்டல் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் பக்கத்தில் கம்பை ஊன்றி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“பாப்பா, இங்கன ஒரு சட்டம் உண்டு. வந்ததும் இன்னைக்கு எத்தனை கெடச்சாப் போதும்னு வாய்விட்டுச் சொல்லணும். யாரு குறைச்சுக் கேக்காங்களோ அவங்க முதல்ல உக்காருவாங்க. கேட்டது வந்துட்டா நூலைச் சுத்திட்டு எந்திரிச்சிரணும். மீன் வந்து காலைக் கடிச்சாலும் பொறவு போடக் கூடாது. உங்கப்பா எப்பவும் ஒண்ணு. எப்பவும் முதல் ஆளு. நாங்களும் எவ்வளவோ பாத்தோம், அந்த மனுசனைக் குறைச்சுக் கேட்டு ஜெயிக்க முடியல. அரை மீன் கேக்கலாமான்னு பாயி கூட ஒரு நாள் யோசிச்சாரு.”

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. இதைச் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வழி எனக்கு இல்லை. அத்தனை சனிக்கிழமைகளின் ஒற்றை மீனுக்கும் காரணம் என்ன என்பதைக் கடற்கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அரை நிமிடத்தில் நான் தெரிந்துகொண்டேன். அவர் கைக்கு ஒன்றும் குறைவில்லை. ஓட்டம் நன்றாக இருக்கும்போதே கல்லைக் காலி செய்துவிட்டால் பின்னால் இருப்பவருக்கு நேரம் கிடைக்கும். அவ்வளவுதான்.

நீவாடு தொடங்கிச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். அப்பா நூலை ஆட்காட்டி விரலில் போட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, ஏதோ கேட்பவர்போல இருந்தார். பிறகு மணிக்கட்டு மட்டும் ஒருமுறை அசைந்தது. கிழங்கான் வெயிலில் பளபளத்துக்கொண்டு மேலே வந்தது. அதைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, நூலைக் கட்டையில் சுற்றத் தொடங்கினார். அவர் முகத்தை அப்போது பார்த்தேன். வீட்டில் நாங்கள் கேலி செய்யும்போது சிரிக்கும் முகம் அல்ல அது. நெற்றியில் ஒரு கோடும் இல்லாமல், எதையும் காட்டிக்கொள்ளாமல், வேண்டியது வந்து சேர்ந்த மனிதனின் முகம். மற்ற வாரங்களில் அதற்குப் பின் அவர் சுற்றிய நூலை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பிடிப்பதைப் பார்த்தபடி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். அதுதான் அவருடைய சனிக்கிழமை. பிற்காலத்தில், தூண்டில்காரர்கள் எழுதிய நூல்கள் சிலவற்றை வாசித்தேன். நிறைவான நாள் எது என்பதை எடையாலும் நீளத்தாலும், போராடி வென்ற மீனின் வலிமையாலும் அவர்கள் விளக்கியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே தூண்டில்காரரின் நிறைவு, நூலைச் சுற்றும் அந்தச் சில நொடிகளில் இருந்தது. நான் அதைக் கண்ணால் கண்டேன். கண்டபின் வாயைத் திறந்தேன்.

“சுத்திட்டீங்களா? ஒண்ணை வச்சு நான் என்ன செய்ய? நாளைக்கு அஞ்சு பிள்ளைங்க வருது. நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

“பொறவு பேசுவோம்” என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

“அம்மா சொல்லுதது சரிதான். உங்க கையைப் பாத்து வீட்ல எல்லாரும் சிரிக்கோம். உங்களுக்கு ராசியும் கிடையாது, எங்க மேல அக்கறையும் கிடையாது.”

ராசியைப் பற்றிச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அது பொய் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே சொன்னேன். எதைச் சொன்னால் அவருக்கு வலிக்கும் என்பதும் தெரிந்திருந்தது. அவர் கை கட்டையின் மேல் அப்படியே நின்றது. வீட்டில் சிரிக்கிறார்கள் என்பது அந்தக் கற்களின் மேல் முதன்முறையாகக் கேட்ட சொல். தண்டல் கடலைப் பார்த்துக்கொண்டார்.

பாய்தான் பேசினார். “போடுங்க சார். பிள்ளை ஆசைப்பட்டுட்டு. நான் பொறவு பாத்துக்கிடுதேன். ஓட்டம் இன்னும் கெடக்குல்லா.”

“ஆமா, போடும் ரைட்டரய்யா” என்றார் தண்டல். குரலில் சிரிப்பு இல்லை.

அப்பா நூலை மறுபடி பிரித்தார். அன்று போல் மீன் வந்த நாளை அந்த இடத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். போட்ட கை மேலே வருவதற்குள் நூல் அதிர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு. நான் ஒவ்வொன்றையும் உரக்க எண்ணினேன். ஆறு ஆனபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதே போதும் என்று சொல்லியிருக்கலாம். “இன்னும் ரெண்டு, மூணு இருந்தா நமக்கும் ஆகும்” என்றேன். அவர் திரும்பிக்கொண்டார். அதன்பின் ஒருமுறைகூடத் திரும்பவில்லை; நானும் நிறுத்தச் சொல்லவில்லை. மீனைக் கழற்றுவதும் முள்ளில் இறால் துண்டைக் கோப்பதும் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதுபோல ஒரே சீராக நடந்தன. பதினொன்றாவது மீனோடு எழுந்து, “பாய், உக்காருங்க” என்றார். முறைப்படி அடுத்து உட்கார வேண்டிய தண்டல், தன் கம்பால் பாயையே முன்னே போகச் சொன்னார்.

பாய் உட்கார்ந்த சற்று நேரத்தில் உடைப்பில் நீரின் சத்தம் தணிந்தது. மேலே மிதந்து வந்த பாசித் துண்டு ஒன்று வெளியே போகாமல் அங்கேயே வட்டமிட்டது. அவர் விடாமல் போட்டுப் பார்த்தார். ஒரு பேத்தை மாட்டியது. காற்றை விழுங்கிப் பந்துபோல் உப்பும், யாரும் தின்னாத மீன். அதை மெதுவாகக் கழற்றிக் கடலில் விட்டார். “நீயாவது பசியில்லாம இரு” என்று அதனிடம் சொன்னார். தண்டல் தன் நூலைப் பிரிக்கவே இல்லை.

அப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனார். நானும் கைப்பிடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். “எடுத்துக்கோங்க” என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

“உனக்காகப் பிடிச்சது. நீ சொல்லு” என்றார்.

கூடையில் பதினொரு மீன்கள் இருந்தன. எட்டுப் போனால் மூன்று. ஐந்து பேருக்கு மூன்று மீன். முழு மீன் இல்லை. தலையோடும் வாலோடும் இல்லை. திங்கட்கிழமை வேப்பமரத்தடியில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். பிள்ளை பெற்றவளைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு முன் கேட்டது என் காதிலேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியையும் விடவில்லை. என் விரல்கள் ஓலையில் இறுகியிருந்ததைப் பாய் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

“வேண்டாம் சார்” என்றார் பாய். “பிள்ளைங்க விருந்துக்கு வாருது. நாளைக்குக் காத்து இறங்கிரும்.”

காற்று இறங்க மேலும் நான்கு நாட்கள் ஆயின.

வீட்டில் அன்று கொண்டாட்டமாக இருந்தது. அம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டு இரண்டு முறை எண்ணினாள். “இது என்ன அதிசயமால்லா இருக்கு. மகள் போன ராசி” என்றாள். மறுநாள் தோழிகள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு முழு மீன் உண்டார்கள். ஒருத்தி முள்ளைக்கூட விடாமல் மென்று, விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினாள். அவளுடைய பசி உண்மையானது. அதை இன்றும் நான் சிறுமைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் அந்தப் பசிக்காகவே நான் அதைச் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அப்பா வயிறு சரியில்லை என்று மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் போனார். வெறும் கூடையோடு வந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் பள்ளிக்கு நூல்கண்டு வாங்கும் சாக்கில் நான் கல்துறைப் பக்கம் போய்த் தூரத்திலிருந்து பார்த்தேன். தண்டல் தட்டைக் கல்லில் இருந்தார். பாய் காத்திருந்தார். அப்பா எல்லோருக்கும் பின்னால், சுவரின் மறுகோடியில், நூலைச் சுற்றிய கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் தள்ளி வைக்கவில்லை. தானாகவே கடைசிக்குப் போயிருந்தார். அவர் முறை வரும்போது நீர் நின்றிருக்கும். அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் குழம்பு முருங்கைக்காயாகவே இருந்தது.

“ஒரு நாள் வந்த ராசி ஒரு நாளோட போச்சு” என்றாள் அம்மா. அக்கா சிரித்தாள். எனக்கு எல்லாம் தெரியும். ஒரு வாக்கியத்தில் அந்தப் பேச்சை நிறுத்தியிருக்கலாம். அப்பா என்னைப் பார்க்காமல் காலைக் கழுவப் போவார். நான் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொள்வேன். கல்துறையில் செய்ததைவிட, வாரந்தோறும் என் வீட்டில் நான் காத்த அந்த மௌனம் நீண்டது.

கிறிஸ்துமசுக்குப் புதுப் பாவாடை தைக்க அம்மா என்னைப் பாயின் கடைக்கு அனுப்பினாள். அளவெடுக்க அவர் நாடாவை நீட்டியபோது நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவர் சாதாரணமாகக் கேட்டார்:

“அன்னைக்கு மீன் எல்லாருக்கும் பத்துச்சா தாயி? பிள்ளைங்க நல்லாச் சாப்பிட்டாங்களா?”

அந்தக் கேள்வியில் ஒரு முள்ளும் இல்லை. அதை இத்தனை ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். “சாப்பிட்டாங்க” என்றேன். பின்கட்டிலிருந்து குழந்தை அழும் சத்தம் வந்தது. யாரோ ஒரு பெண் அதைச் சமாதானம் செய்தாள். “ஆட்டுப்பால் குடிச்சு வளருதா. அதான் தொண்டை ஆட்டுக்குட்டி மாதிரி” என்று பாய் பெருமையோடு சிரித்தார். ஒரு வேளைச் சாறு குடித்திருந்தால் அந்தத் தாய்க்குப் பால் இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. படித்த பெண்ணாகிய எனக்கு அது தெரியும். பதின்மூன்று வயதில் அது தெரியாது. தெரிந்த பின்னும் பெரிய ஆறுதல் ஒன்றும் கிடைத்துவிடவில்லை.

நான் ஆசிரியை ஆகி, அம்மா இறந்து, அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு, ஒரு நாள் அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் தாளை மடித்து வைத்துவிட்டு, அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறந்துவிட்டதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறக்கவில்லை.

“நீ கேட்டதுல தப்பில்ல” என்றார். “வழியிலேயே ஆறு வேணும்னு சொன்ன. நான் ஆறுன்னு சொல்லிட்டுப் பொறவு உக்காந்திருக்கணும். பழக்கத்துல ஒண்ணுன்னு சொல்லிட்டேன். பழக்கம் கூட இல்ல. குறைச்சுக் கேக்கவன்கிற பேரு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அந்த முதல் எடம் பிடிச்சிருந்தது. நீ வந்திருக்கும்போது, உன் முன்னால, அதை விட மனசு வரல.”

“கூடையை நான் விடல்லியே அப்பா.”

“ஆமா, விடல்ல” என்றார். பிறகு, “நானும் அதை உன்கிட்டக் கேட்டிருக்கக் கூடாது. நானே குடுத்திருக்கணும்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மீதிச் செய்தியைப் படி என்றார். படித்தேன்.

தண்டலார் சுதந்திரம் வந்த ஆண்டுக்கு முன்பே போய்விட்டார். பாய் தன் தையல் இயந்திரத்தை மருமகனிடம் விட்டுவிட்டு, வயதாகி, அமைதியாக இறந்தார் என்று கேள்விப்பட்டேன். அப்பாவை நாசரேத்தில் அடக்கம் செய்தோம். அன்று அந்தக் கற்களின் மேல் இருந்தவர்களில் இப்போது நான் ஒருத்தியே இருக்கிறேன். ஆட்டுப்பால் குடித்து வளர்ந்த அந்தப் பெண்ணும், பேரப்பிள்ளைகளோடு, இதே ஊரில் இருக்கிறாள். அவளுக்கு என்னைத் தெரியாது.